முத்து கொண்டுவந்த குருவி: மாரிப் பறவைகளும் நமது கமராக்களும்

 

வாடை இறங்கிவிட்டது. பண்ணைப் பாலத்தடியிலும் அரியாலைக் கரையிலும் விடியக் காலையிலேயே இளைஞர்கள் கமராவோடு நிற்கிறார்கள். கமரா இல்லாத பிள்ளைகள் வாப்பாவின் போனோடு நிற்கிறார்கள். பூநாரை வந்துவிட்டதா, ஊசிவால் வாத்து எந்தப் பக்கம் நிற்கிறது என்று வட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்வி. சந்தோசமான விடயம்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது. நமது பறவைகளை முதலில் பதிவு செய்தவர்கள் யார், எப்படிச் செய்தார்கள், அதில் நமது ஊர் மனிதர்களின் பங்கு என்ன, இன்று அந்தப் பொறுப்பு யார் கைக்கு வந்திருக்கிறது என்பதை இந்தப் பதிவில் பார்ப்போம். கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள், பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் இந்தப் பறவைகள் ஏன் இங்கே வருகின்றன என்று பார்ப்போம். சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் இமயமலைக்கு அப்பாலும் நிலமும் நீரும் உறையத் தொடங்கும்போது, அங்கே குஞ்சு பொரித்த பறவைகள் இரை தேடித் தெற்கே இறங்குகின்றன. அவை வரும் வழியை மத்திய ஆசிய வலசைப் பாதை என்கிறார்கள். இந்தியாவின் தென்முனையைத் தாண்டினால் இலங்கை. இலங்கையைத் தாண்டினால் பெருங்கடல். ஆகவே அந்தப் பாதையின் கடைசித் தரிப்பிடம் நமது தீவு. பாக்கு நீரிணைக்கு மேலாக வரும் பறவைக்கு முதலில் தெரியும் நிலங்களில் மன்னாரும் நெடுந்தீவும் நமது குடாநாடும் அடக்கம்.

இங்கே அவற்றுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. முழங்காலளவு பரவைக்கடல், உவர் நிலம், தரவை, கண்டல் காடு, சேற்றுக்குள் புழுவும் சிறு நண்டும் இறால் குஞ்சும். புரட்டாசி, ஐப்பசியில் வரத் தொடங்கி, பங்குனி, சித்திரையில் திரும்புகின்றன. வாத்து, உள்ளான், ஆலா, கடற்காகம் என்று நீர்ப்பறவைகள் மட்டுமல்ல, வீட்டு வளவுக்குள் வந்து இலைச் சருகைக் கிளறும் ஆறுமணிக்குருவியும் மாரி விருந்தாளிதான். மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜி.பி.எஸ். கருவி பொருத்தி அனுப்பிய கடற்காகங்கள், ரஷ்யாவின் வடக்கே ஆர்க்டிக் நிலம் வரை போனதைச் சில வருடங்களுக்கு முன் நாம் செய்திகளில் பார்த்தோம். மீன் சந்தைக்குப் பின்னால் தலைக்கு மேல் வட்டமடிக்கும் பறவை, ஒரு வருடத்துக்குள் வட துருவத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டு வந்ததாக இருக்கலாம்.

பறவைகள் போய் வருவதைத் தமிழர்கள் எப்போதோ கவனித்திருக்கிறார்கள். நாரையின் அலகைப் பனங்கிழங்கோடு ஒப்பிட்டுப் பாடிய சத்திமுத்தப் புலவர், தெற்கே குமரிக்குப் போய் வடக்கே திரும்பும் பறவையிடம்தான் தன் மனைவிக்குத் தூது சொல்லி அனுப்பினார். நமது மதரசாவில் ஓதும் பிள்ளைக்கும் ஒரு பறவைச் செய்தியாளனைத் தெரியும். சுலைமான் நபிக்கு ஸபா நாட்டுச் செய்தியைக் கொண்டுவந்த ஹுத்ஹுத். குடாநாட்டின் வெளிகளில் கொண்டையை விரித்து மடக்கி நடக்கும் கொண்டலாத்தி அதே பறவைதான்.

ஆனால் கவனிப்பது வேறு, பதிவு செய்வது வேறு. இன்ன பறவை, இன்ன இடத்தில், இன்ன நாளில் என்று எழுதி வைக்கும் வேலை இங்கே வெள்ளைக்காரர் காலத்தில்தான் தொடங்கியது. அதில் முக்கியமான ஒருவர் எட்கர் லியோபோல்ட் லேயார்ட். 1846 இல் இலங்கைக்கு வந்தவர். இவருடைய அண்ணன் ஒஸ்டின் ஹென்றி லேயார்ட், ஈராக்கில் யூனுஸ் நபியின் ஊரான நினிவேயைத் தோண்டிப் பார்த்த அகழ்வாராய்ச்சியாளர். அண்ணன் மண்ணைத் தோண்டினார், தம்பி பறவைகளைத் தேடினார். அரச சேவையில் இருந்த தம்பி லேயார்ட் பருத்தித்துறையிலும் சில காலம் இருந்தார். இலங்கைப் பறவைகள் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் 1853, 1854 இல் லண்டன் சஞ்சிகை ஒன்றில் தொடராக வந்தன.

அந்தக் குறிப்புகளில் நமக்கு முக்கியமான ஒரு பெயர் இருக்கிறது. முத்து. லேயார்டின் வேலையாள். பறவைகளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவதில் கெட்டிக்காரர். பருத்தித்துறையில் ஒரு நாள் முத்து கொண்டுவந்த சின்னஞ்சிறு குருவி ஒன்று, அதுவரை அறிவியலில் பெயரே இல்லாத இனம் என்று லேயார்ட் கண்டார். தனக்குக் கிடைத்த நல்ல பறவைகளில் பலவற்றுக்கு இந்த மனிதரின் பொறுமையும் திறமையுமே காரணம் என்று நன்றியோடு எழுதி, அந்தக் குருவிக்கு முத்துவின் பெயரையே வைத்தார். இன்றும் உலகம் முழுவதும் அதன் அறிவியல் பெயர் மஸ்கிக்காப்பா முத்துயி. தமிழில் பழுப்பு மார்பு ஈபிடிப்பான் எனலாம்.

ஒரு சாண் அளவுகூட இல்லாத குருவி அது. பெரிய கண், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மஞ்சள் கலந்த கால். வடகிழக்கு இந்தியா, வட பர்மா, சீனா ஆகிய இடங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, மாரியைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. அதாவது, வருடா வருடம் வரும் ஒரு விருந்தாளிப் பறவைக்கு நமது மண்ணின் உழைப்பாளி ஒருவரின் பெயர். ஆளுநர்களுக்கும் பிரபுக்களுக்கும் அவர்களின் மனைவிமாருக்கும் பறவைகளின் பெயரில் இடம் கிடைத்த காலத்தில் இது நடந்தது. நமது பாடசாலைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தக் காலத்தில் பதிவு செய்வதென்றால் சுடுவதுதான். சுட்ட பறவையின் தோலை உரித்து, பூச்சி அரிக்காமல் நஞ்சு பூசி, உள்ளே பஞ்சு அடைத்து, காலில் ஒரு துண்டைக் கட்டுவார்கள். அந்தத் துண்டில் பெயர், இடம், திகதி. பிறகு கப்பலில் கல்கத்தாவுக்கோ லண்டனுக்கோ போகும். லேயார்டுக்குப் பிறகு வந்த இராணுவ அதிகாரி வின்சென்ட் லெக், 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இலங்கைப் பறவைகளின் வரலாறு என்ற பெரிய நூலுக்கும் இப்படிப்பட்ட தோல்கள்தான் ஆதாரம். கியூலமன்ஸ் வரைந்த அழகான வண்ண ஓவியங்கள் அதில் உண்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது துப்பாக்கியை அல்ல, காலில் கட்டிய துண்டை. அந்தத் துண்டு இல்லாவிட்டால் அது பஞ்சடைத்த தோல் மட்டுமே. துண்டு இருப்பதால்தான் 170 வருடங்களுக்குப் பிறகும், பருத்தித்துறையில் முத்து கொண்டுவந்த குருவி என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. பெயர், இடம், திகதி. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருவோம்.

துப்பாக்கியின் இடத்துக்குக் கமரா வந்தது எப்படி? இங்கிலாந்தில் ரிச்சர்ட் கீர்ட்டன், செரி கீர்ட்டன் என்ற இரண்டு சகோதரர்கள் 1892 இல் ஒரு பறவைக் கூட்டையும் முட்டைகளையும் படமெடுத்தார்கள். 1895 இல் அவர்கள் வெளியிட்ட பறவைக் கூடுகள் பற்றிய நூலில் இருந்தவை எல்லாம் நேரே எடுத்த புகைப்படங்கள். அன்றைய கமரா பெட்டி போலப் பாரமானது.  பறவை பயப்படாமல் இருக்க, பாடம் செய்த மாட்டுத் தோலுக்குள் ஒளிந்திருந்துகூடப் படமெடுத்தார்கள். கொல்லாமலும் ஒரு பறவையைப் பதிவு செய்யலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் இவர்கள் முன்னோடிகள்.

நமது பக்கத்தில் சாலிம் அலியைச் சொல்லாமல் போக முடியாது. பம்பாயில் 1896 இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, மாமா அமீருத்தீன் தையப்ஜியின் வீட்டில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். எடுத்துப் பார்த்தால் கழுத்தில் மஞ்சள் நிறம். இதை ஒரு முஸ்லிம் சாப்பிடலாமா என்று மாமாவிடம் கேட்கப் போனார். மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட், அலுமாரிகளைத் திறந்து பறவைத் தோல்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். அந்தச் சிறுவன்தான் 1941 இல் இந்தியப் பறவைகள் என்ற நூலை எழுதி, சாதாரண மக்களின் கையில் பறவைகளைக் கொடுத்தவர். நமது கரைக்கு வரும் பூநாரைகளின் உறவுகள் கூடு கட்டும் கட்ச் உப்பு வெளிக்கு 1945 இல் போய், அங்கிருந்த பெரும் பூநாரைக் கூட்டத்தைப் பற்றி எழுதியவரும் அவரே. அவருடைய பயணங்களில் கூடப் போய்ப் பறவைகளைப் படமெடுத்தவர் சிங்கப்பூர்ச் செல்வந்தர் லோக் வான் தோ. பெயரும் இடமும் திகதியும் ஒருவர் எழுத, உருவத்தை மற்றவர் கமராவில் பிடித்தார்.

இலங்கையிலும் காலம் மாறியது. 1937 இல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. அடுத்த வருடம், 1938 இல், நமது குடாநாட்டின் வாசலில் இருக்கும் சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1943 இல் இலங்கைப் பறவைகள் கழகம் உருவானது. 1955 இல் ஜி. எம். ஹென்றியின் இலங்கைப் பறவைகள் வழிகாட்டி வந்தது. அவரே எழுதி அவரே வரைந்தது. பார்த்தவர் பார்த்ததை எழுதி அனுப்பும் வழக்கம் மெல்ல வளர்ந்தது.

அதன் பிறகுதான் நமது பக்கத்தில் பக்கங்கள் வெறுமையாகின்றன.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பிறகு யுத்தம். பரவைக்கடலின் கரை யுத்தத்தின் எல்லைக்கோடாக மாறியது. கிளாலியில் மக்கள் இருட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் கடந்தார்கள். டோர்ச்சுக்குப் போடும் பற்றரிகூட வடக்குக்கு வரத் தடையாக இருந்த காலத்தில், கமராவைத் தூக்கிக்கொண்டு கரைக்கு யார் போவது? ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 இல் தொடங்கியது. அது வளர்ந்த வருடங்கள்தான் வடக்கு மூடிக் கிடந்த வருடங்கள். பறவைகள் வந்தன, போயின. எண்ணுவதற்கு ஆள் இருக்கவில்லை.

1990 ஒக்டோபர் 30. அதுவும் வாடை தொடங்கும் நாட்கள்தான். யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய நாம் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போகுமாறு சொல்லப்பட்டோம். வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000 இற்கும் மேற்பட்டவர்கள் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். சோனகத் தெரு வீடுகளில் அலுமாரிக்குள் இருந்த கலியாணப் படங்களும், பாடசாலைக் குழுப் படங்களும், மூத்தம்மாவின் ஒரேயொரு படமும் அங்கேயே கிடந்தன.

நம்மை வலசைப் பறவைகளோடு ஒப்பிட்டுப் பேசுபவர்கள் உண்டு. அந்த ஒப்பீடு பொருந்தாது. பறவை அல்லாஹ் அதற்கு வைத்த இயல்பின்படி புறப்படுகிறது, காலம் வந்ததும் திரும்புகிறது. நாம் நினைத்துப் புறப்படவில்லை. புத்தளத்தில் முகாம்களில் நமது பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். அங்கேயும் களப்புக் கரையில் அதே ஆலாவும் உள்ளானும் மாரிக்கு வந்தன என்பது மட்டும் உண்மை.

2002 இல் பாதை திறந்தபோதும், 2009 இற்குப் பிறகும் ஊர் திரும்பியவர்களிடம் என்ன கேட்கப்பட்டது? பெயர் என்ன, எந்த இடம், எப்போதிருந்து. காணி உறுதி இருக்கிறதா, பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா, பழைய வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தெருவில் வாழ்ந்தோம் என்று காட்டுவதற்குக் கடதாசி தேவைப்பட்டது. கடதாசி இல்லாதவர் எவ்வளவு அலைந்தார் என்பது நமக்குத் தெரியும். பதிவின் பெறுமதியை யாரும் நமக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

பறவைக்கும் இதே நிலைமைதான். அது வந்து தங்கும் இடத்துக்கு அதனிடம் உறுதி இல்லை. இத்தனை வருடமாக, இந்த மாதத்தில், இத்தனை பறவைகள் இங்கே தங்கின என்று மனிதர் யாராவது எழுதி வைத்திருந்தால் அதுதான் அதன் உறுதி.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த நிலம் ஈரநிலம், பறவைகள் வந்து தங்கும் இடம் என்று சூழல் ஆர்வலர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நமது பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். யாழ்ப்பாணத்துக்கு ஒரு நல்ல மைதானம் வேண்டும் என்பதில் நமக்கும் ஆசைதான். ஆனால் எங்கே கட்டுவது, எவ்வளவு தூரம் தள்ளிக் கட்டுவது என்று பேசும்போது மேசையில் என்ன இருக்க வேண்டும்? அந்தக் கரையில் எந்த மாதம் எந்தப் பறவை எத்தனை நின்றது என்ற கணக்கு இருக்க வேண்டும். மன்னாரில் காற்றாலைத் திட்டத்துக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் பறவைகளின் வலசைப் பாதையை முக்கிய வாதமாக வைக்க முடிந்ததற்கு, அங்கே ஆய்வாளர்கள் பல வருடங்கள் பார்த்து எழுதிய பதிவுகள் உதவின. குடாநாட்டில் அப்படி எழுத வேண்டியவர்கள் நாம்தான். இன்று ஒவ்வொரு வீட்டிலும் கமரா இருக்கிறது. லேயார்டும் தேவையில்லை, துப்பாக்கியும் தேவையில்லை.

ஆனபடியால் கரைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்.

ஒன்று. படத்தோடு பெயரும் இடமும் திகதியும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, இடமும் திகதியும் கட்டாயம். “அழகிய காலைப் பொழுது” என்று மட்டும் போட்டால் பத்து வருடத்துக்குப் பிறகு அந்தப் படத்தால் யாருக்கும் பயனில்லை. “அரியாலை கிழக்கு, 12 ஜனவரி, ஏறத்தாழ 300 பூநாரை” என்று எழுதினால் அது ஆவணம். இ-பேர்ட் என்ற இணையப் பதிவேட்டில் 2002 முதல் உலகம் முழுவதும் மக்கள் இப்படிப் பதிகிறார்கள். போனிலேயே பதியலாம், காசு இல்லை.

இரண்டு. பறக்கும் படம் வேண்டுமென்று கல்லெறியாதீர்கள், கை தட்டி எழுப்பாதீர்கள், கிட்ட ஓடாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்த பறவை இங்கே இரை தின்று உடம்பில் கொழுப்புச் சேர்க்கிறது. சில உள்ளான் இனங்கள் திரும்பிப் போகுமுன் தம் எடையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகின்றன. நீங்கள் ஒரு தரம் எழுப்பிவிட்டால், திரும்பும் பயணத்துக்கு வைத்த சேமிப்பில் கொஞ்சம் கரைந்துபோகிறது. ட்ரோனும் அப்படித்தான். அதற்குச் சட்டப்படி அனுமதியும் தேவை. சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா, அங்கே அதன் விதிகளையும் கேட்டறிந்து போங்கள்.

மூன்று. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள், அல்லது குந்தி இருங்கள். அரை மணித்தியாலம் அசையாமல் இருந்தால் உள்ளான் தானாகக் கிட்ட வரும். தூரத்தில் நிற்கும் பறவையின் மங்கலான படமும் பதிவுதான். கால் நிறமும் அலகின் வடிவமும் தெரிந்தால் இனத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

நான்கு. குப்பையையும் படமெடுங்கள். கரையில் கொட்டும் இறைச்சிக் கழிவு, பொலித்தீன், வெட்டிய கண்டல், அறுந்த வலையில் சிக்கிய பறவை, எல்லாவற்றையும் இடமும் திகதியும் போட்டு எடுங்கள். கொட்டுவது நமது ஆட்களாக இருந்தாலும் எடுங்கள்.

ஐந்து. கூடு கண்டால் அதன் இடத்தை எல்லோருக்கும் அறிவிக்காதீர்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கும் வேலை இருக்கிறது. தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று பாராமல், ஒவ்வொரு ஜனவரியும் ஒரு சனிக்கிழமை ஒரே கரையில் ஒரே நேரத்தில் பிள்ளைகளை நிறுத்தி எண்ண வைத்தால் போதும். ஒரு கொப்பியும் பேனையும் இருந்தால் தொடங்கலாம். ஐந்து வருடம் விடாமல் செய்தால், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எழுதிய முதல் நீண்ட பறவைக் கணக்கு நம்மிடம் இருக்கும். முத்துவின் பெயரைச் சொல்லி அதைத் தொடங்கலாம் என்பது நமது விருப்பம். அவர் தேடிக் கொண்டுவந்தார், வேறொருவர் எழுதினார். இனித் தேடுவதும் எழுதுவதும் நாமாகவே இருக்கட்டும்.

கடைசியாக உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். புத்தளத்திலோ கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உங்கள் வீடுகளில், 1990 இற்கு முன் பண்ணைக் கரையிலோ கோட்டைப் பக்கத்திலோ மண்டைதீவுப் பக்கத்திலோ எடுத்த பழைய படங்கள் எதுவும் தப்பிக் கிடந்தால், ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். முன்னால் நிற்பது உங்கள் வாப்பாவும் சாச்சாவுமாக இருக்கும். பின்னால் தண்ணீருக்குள் வெள்ளையாக ஏதாவது நிற்கிறதா என்று உற்றுப் பாருங்கள். இருந்தால், படத்தில் நிற்பவர்களின் பெயரையும் எடுத்த இடத்தையும் தெரிந்த அளவுக்கு வருடத்தையும் எழுதி, வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கொண்டு பத்திரமாகப் பிரதி எடுத்து வையுங்கள். மனிதருக்கும் பறவைக்கும் சேர்த்தே அது சாட்சியாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.